செல்ஃபியில் மாநிறம் எங்கே போச்சு? - கேமராவில் முதலில் கை வைக்க வேண்டிய இடம்

சென்னையிலிருந்து ஈசிஆர் பிடித்து வருபவர்களுக்குப் புதுச்சேரி ஆரம்பிக்கிற இடம் கனகசெட்டிக்குளம். எல்லையைத் தாண்டியதும் பைக்கை ஓரம் கட்டி, கடற்கரைப் பக்கம் இறங்கி, அந்தப் பயணத்தின் முதல் செல்ஃபியை அங்கேயே எடுத்துவிடுகிறவர்கள் நிறைய. விடியற்காலையில் கிளம்பியிருந்தால் மணி எட்டரை, ஒன்பது ஆகியிருக்கும். பின்னால் கடல் தெரியணுமே என்று கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். கிளிக்.

படத்தைத் திறந்து பார்த்தால் வானம் வெள்ளைத் தாள் மாதிரி இருக்கும். கடல் சாயம்போன நீலம். நடுவில் இருக்கிற முகமோ, வெயிலில் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவரின் முகமாகவே தெரியாது. நெற்றியில் வியர்வை இல்லை, கன்னத்தில் பரு வடு இல்லை, ஹெல்மெட் பட்டை அழுத்திய கோடும் இல்லை. நிறம் மட்டும் இரண்டு ஷேடு ஏறியிருக்கும். ‘சூப்பரா வந்திருக்குல்ல’ என்று ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்கள்.

செல்ஃபி நல்லா வர என்ன செட்டிங்ஸ் வைக்கணும் என்று தேடினால் டிப்ஸ் கொட்டிக் கிடக்கிறது. பெரும்பாலானவை எதையாவது ‘ஆன்’ பண்ணச் சொல்பவை. இந்த ஊர் வெயிலில் வளர்ந்த முகங்களுக்கு முதல் வேலை வேறு. ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கும் ஒன்றைத் தேடிப் பிடித்து அணைக்க வேண்டும்.

கேட்காமலே பூசப்படும் பவுடர்

அந்த ஒன்றுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. ஒரு போனில் ‘பியூட்டி’, இன்னொன்றில் ‘ரீடச்’, வேறொன்றில் ‘பியூட்டிஃபை’. செல்ஃபி கேமராவைத் திறந்ததும் திரையின் ஓரத்தில் ஒரு மந்திரக்கோல் அல்லது முகம் மாதிரி ஐகான் தெரிந்தால் அதுதான். பல மாடல்களில் புது போன் வாங்கிய அன்றே அது ஓரளவுக்கு ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். முகத்தைக் கண்டுபிடிக்கும், தோலின் நுண்ணிய கோடுகளை வழித்துவிடும், நிறத்தை வெளுக்கும். சில போன்களில் கண்ணைப் பெரிதாக்கி, தாடையை ஒடுக்கவும் செய்யும். வெளுப்பதற்கென்றே தனி ஸ்லைடர் வைத்த போன்களும் உண்டு.

உங்கள் போனில் இது வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. நிழலில் நின்று, புறங்கையைக் கன்னத்தோடு ஒட்டி வைத்து ஒரு செல்ஃபி எடுத்துப் பாருங்கள். இந்த வேலைப்பாடு பெரும்பாலும் முகத்தை மட்டுமே தேடிப் போகும், கையை விட்டுவிடும். கன்னம் மெழுகுபோலவும் கை கை மாதிரியும் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். தினமும் பைக் ஓட்டுகிறவர்களுக்குக் கை எப்படியும் கருத்துத்தான் இருக்கும் என்பதால், அவர்கள் கைக்குப் பதிலாகக் கழுத்தைப் பார்ப்பது நல்லது.

இதெல்லாம் புதுசா என்ன என்று கேட்கலாம். போட்டோ ஸ்டுடியோ காலத்திலும் கண்ணாடிக்குப் பக்கத்தில் சீப்பும் பவுடர் டப்பாவும் இருந்தன. நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் ‘டச்சப்’ செய்து வடுவை மறைக்கிறவர்கள் இருந்தார்கள். உண்மைதான். ஆனால் அன்று பவுடரை எடுத்து முகத்தில் போட்டவர் படம் எடுத்துக்கொள்பவர்தான். டச்சப் வேண்டுமா வேண்டாமா என்று ஸ்டுடியோக்காரரிடம் சொல்ல முடிந்தது. இப்போது போன், கேட்காமலே பூசிவிட்டு, ‘இதுதான் நீ’ என்று நீட்டுகிறது. தினமும் பத்து முறை அப்படி நீட்டினால், ஒருநாள் நண்பரின் போனில் பின்பக்கக் கேமராவில் எடுத்த படத்தைப் பார்க்கும்போது ‘நான் இவ்வளவு கருப்பா?’ என்று தோன்றத்தான் செய்யும்.

மாநிறம் என்று தமிழில் ஓர் அழகான சொல் இருக்கிறது. கருப்பும் இல்லை, சிவப்பும் இல்லை என்பதற்காகப் பெண் பார்க்கும் வீடுகளில் தயங்கித் தயங்கிச் சொல்லப்பட்டாலும், மாந்தளிரின் நிறம் என்று அதற்குப் பொருள் சொல்பவர்கள் உண்டு. போனின் ஸ்லைடரில் அந்த நிறத்துக்கு இடமே கிடையாது. ஒரு முனையில் ‘இயல்பு’, மறுமுனையில் ‘பளிச்’. போன் நகர்வது எப்போதும் ஒரே திசையில்தான்.

கேமராவின் கணக்கு

பியூட்டியை அணைத்த பிறகும் சிலருக்கு முகம் வெளுத்தே வரும். அதற்குக் காரணம் எக்ஸ்போஷர், அதாவது கேமரா எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்ற கணக்கு. எதிரே இருப்பது கருப்பா வெள்ளையா என்று கேமராவுக்குத் தெரியாது. காட்சியில் உள்ள வெளிச்சத்தை அளந்து, எல்லாவற்றையும் ஒரு நடுத்தர அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். செல்ஃபி கேமரா முகத்தைக் கண்டதும் முகத்துக்கே முன்னுரிமை தருகிறது. முகம் நிழலில் இருந்தாலும், தோல் கருநிறமாக இருந்தாலும் ‘வெளிச்சம் போதலை’ என்றே எடுத்துக்கொண்டு ஏற்றிவிடுகிறது. காலை ஒன்பது மணிக் கடற்கரையில் இரண்டும் சேர்ந்து நடக்கிறது. அதனால்தான் முகமும் வெளுக்கிறது, வானமும் காணாமல் போகிறது.

இதற்கு மாற்று கைவிரல்தான். திரையில் முகத்தைத் தொட்டால் பக்கத்தில் ஒரு சூரியன் அல்லது சின்ன ஸ்லைடர் தோன்றும். அதைக் கொஞ்சம் கீழே இழுத்தால் போதும். கன்னத்தின் நிறம் கண்ணாடியில் தினமும் பார்க்கும் நிறத்துக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்த வேண்டும். தொட்ட இடத்தில் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் அந்த அளவு அப்படியே பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு தலையைச் சாய்த்தாலும் போன் தன் இஷ்டத்துக்கு மாற்றாது. ஹெச்டிஆர் என்ற வசதியை மட்டும் ஆட்டோவில் விட்டுவைக்கலாம். வெவ்வேறு வெளிச்ச அளவில் சில படங்களை ஒரே நொடியில் எடுத்து ஒன்றாக இணைப்பது அது. முகமும் வானமும் ஒரே படத்தில் பிழைக்க அதுதான் வழி.

வழவழப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முன்பக்கக் கேமராவின் சென்சார் பொதுவாகச் சின்னது. வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக ‘நாய்ஸ்’ வரும். அதை மறைக்க போனின் மென்பொருள் தேய்த்துவிடும்போது தோலின் விவரமும் சேர்ந்து போய்விடும். 2018இல் ஐபோன் எக்ஸ்எஸ் வந்தபோது, செல்ஃபியில் தோல் வழவழவென்று வருகிறதே, ரகசியமாக பியூட்டி மோடு வைத்திருக்கிறார்களா என்று பெரிய சண்டையே நடந்தது. ஹெச்டிஆர் இணைப்பில் தவறான படத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்ட கோளாறு என்று ஆப்பிள் விளக்கம் சொல்லி, ஐஓஎஸ் 12.1 அப்டேட்டில் சரிசெய்தது. ஆகவே ராத்திரி ரெஸ்டாரன்டின் மங்கல் விளக்கில் எந்த செட்டிங்கை மாற்றினாலும் பலன் கொஞ்சம்தான். ஜன்னலோரம் போய் உட்காருவது அதைவிடப் பலன் தரும்.

லென்ஸையும் துடைக்க வேண்டும். சிரிக்க வேண்டாம். கடற்காற்றின் உப்பும், விரல் பிசுக்கும், கன்னத்து எண்ணெயும் படிந்த லென்ஸில் எதிர்வெயில் பட்டால் படம் முழுக்கப் பனி மூடியதுபோல வெள்ளை பரவும். அந்தப் பரவலில் முதலில் அடிபடுவது கருநிறத் தோலின் ஆழம்தான். மெல்லிய பருத்தித் துணியால் ஒரு துடைப்பு போதும்.

ஷெர்லி என்ற அளவுகோல்

கேமராவுக்கும் கருநிறத்துக்கும் இருக்கும் தகராறு செல்போனோடு வந்ததில்லை. கலர் ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் போடும் லேப்களுக்கு கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் இருக்கும் பெண்ணின் தோல் நிறம் சரியாக வந்தால் மெஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஷெர்லி கார்டு என்று அதற்குப் பெயர். பல வருடங்கள் அந்தக் கார்டில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்கள் மட்டுமே. கருநிறத்தின் நுணுக்கம் படத்தில் சரியாக விழவில்லை என்ற குறை அப்போதே இருந்தது. அந்தக் குறை கவனிக்கப்பட்டதில் சாக்லேட் கம்பெனிகளுக்கும் மர பர்னிச்சர் கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. விளம்பரத்தில் டார்க் சாக்லேட்டுக்கும் மில்க் சாக்லேட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அவர்கள் புகார் செய்தார்கள். மனிதர்களுக்கு முன்னால் சாக்லேட்டுக்கு நியாயம் கிடைத்தது என்று சொல்லலாம்.

செல்போன் உலகில் இந்தப் பேச்சு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. 2020 அக்டோபரில் கூகுள் ஒரு முடிவை அறிவித்தது. தன் பிக்சல் போன்களின் செல்ஃபி கேமராவில் முகத்தைத் திருத்தும் வசதி இனி தானாக ஆன் ஆகியிருக்காது, ‘பியூட்டி’ போன்ற சொற்களும் இருக்காது என்றது. ஆண்ட்ராய்டு போன்களில் எடுக்கப்படும் படங்களில் 70 சதவீதத்துக்கு மேல் முன்பக்கக் கேமராவில் எடுக்கப்படுபவை என்றும் அப்போது சொன்னது. அடுத்த வருடம், 2021இல், பிக்சல் 6 போனோடு ‘ரியல் டோன்’ வந்தது. கருநிற, மாநிறத் தோல்களின் படங்களைக் கூடுதலாகச் சேர்த்துப் பழக்கி, வெளிச்சத்தையும் வண்ணத்தையும் கணிக்கும் முறையை மாற்றியிருந்தார்கள். செய்ய முடிகிற காரியம்தான் என்பது அதோடு தெரிந்துபோனது.

அப்படியிருக்க, மற்ற பல கம்பெனிகள் இன்னும் ஏன் ஏற்றியே வைத்து விற்கின்றன? கேட்டால், வாடிக்கையாளர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள் என்பார்கள். கடையில் நின்று இரண்டு போனில் செல்ஃபி எடுத்துப் பார்க்கும்போது பளிச்சென்று வருவதைத்தான் வாங்குகிறார்கள் என்பதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஏற்றி வைத்த ஸ்லைடரைத் தொடாமல் விடுவதை விருப்பம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? எவ்வளவோ பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வேண்டும் என்கிறவர்கள் தாங்களே தேடிப்போய் ஆன் செய்துகொள்ளட்டும். லிப்ஸ்டிக் போடுவதுபோல அது அவரவர் இஷ்டம், அதில் யாரும் நாட்டாமை செய்ய வேண்டியதில்லை. பெட்டியைத் திறக்கும்போது அது பூஜ்யத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே கேட்கப்படுவது.

நிறத்தைப் பற்றிய பேச்சு இந்தப் பக்கம் நடக்காமலும் இல்லை. ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற பிரச்சாரத்தை 2009இல் தொடங்கியது சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு. 2020இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ கிரீம் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. கிரீமாவது காசு கொடுத்து வாங்கி, தேய்த்து, காத்திருக்க வேண்டிய பொருள். அதைவிட வேகமாகவும் இலவசமாகவும் வேலை பார்க்கிற ஒன்று எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. அதன் மேல் பெரிதாக யாருக்கும் கோபம் வரவில்லை.

கடலுக்கு முதுகு, சாலைக்கு முகம்

சரி, கனகசெட்டிக்குளத்துக்கே திரும்பலாம். இது கிழக்குக் கரை. சூரியன் கடலிலிருந்து எழுந்து, ஈசிஆருக்கு அந்தப் பக்கம், நிலத்தில் போய் இறங்குகிறது. இன்ஸ்டாகிராமில் கோவா படங்களைப் பார்த்துவிட்டு, இங்கே வந்து கடலில் சூரியன் மறையும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் உண்டு. கோவாவில் சாயங்காலம் கடலுக்கு முதுகு காட்டினால் எதிர்வெயில் பிரச்சினை. இங்கே அதே சாயங்காலம் வரம்.

நாலரை மணிக்கு மேல் கடற்கரைக்கு வந்து, கடலுக்கு முதுகையும் சாலைக்கு முகத்தையும் காட்டி நின்றால், மேற்கிலிருந்து சாய்வாக வரும் வெயில் நேராக முகத்தில் விழும். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் அந்த மஞ்சள் வெயிலைவிடப் பொருத்தமான விளக்கு கிடையாது. கடலும் அப்போது நல்ல நீலத்தில் இருக்கும். கண் கூசினால் ஐந்தரை வரை பொறுக்கலாம். சூரியன் இறங்கிய சில நிமிடங்களுக்குக் கடல் பக்க வானம் இளஞ்சிவப்பாகும். எல்லோரும் சூரியன் போன திசையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், நல்ல பின்னணி கிழக்கே காத்திருக்கும்.

காலையில்தான் எடுத்தாக வேண்டும் என்றால், கடலைப் பார்த்து நின்று, பின்னால் சவுக்குத் தோப்போ கரையேற்றி வைத்த ஃபைபர் படகோ வரும்படி எடுக்கலாம். கடல் படத்தில் வராது, முகம் வரும். உச்சி வெயிலில் திறந்த மணலில் நிற்கவே கூடாது. கண்ணுக்குக் கீழே, மூக்குக்குக் கீழே கரிய நிழல் விழும். ஒரு படகின் நிழலிலோ மரத்தடியிலோ, நிழல் முடியும் ஓரமாக நின்றால் வெளியே இருக்கும் மணலே வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும். அதற்கென்று ரிஃப்ளெக்டர் வாங்கத் தேவையில்லை. படகருகே நிற்கும்போது பின்னால் வலை பின்னிக்கொண்டிருப்பவரும் மீன் கூடையோடு போகும் அக்காவும் படத்தில் விழுவார்கள். முன்பக்கக் கேமரா அகலமானது, நினைப்பதைவிட அதிகம் பேரை உள்ளே இழுக்கும். ‘அண்ணே, எடுத்துக்கலாமா’ என்று ஒரு வார்த்தை கேட்பது மரியாதை.

நகருக்குள் போனால் வேறு சிக்கல். பிரெஞ்சு ஆட்சியில் கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று பிரித்து வைத்திருந்த ஊர் இது. இன்று செல்ஃபிக் கூட்டம் முழுக்க அந்த வெள்ளை நகரத்து மஞ்சள் சுவர்களின் முன்னால்தான். சுவரில் சாய்ந்து நின்றால் மஞ்சள் வெளிச்சம் கன்னத்தில் ஏறும். போன் அதைச் சரிக்கட்டுகிறேன் என்று நீலத்தைச் சேர்த்து, முகத்தைச் சாம்பல் பூசினதுபோல ஆக்கினாலும் ஆக்கும். சுவரிலிருந்து நாலு அடி முன்னால் வந்து நின்றாலே பாதி சரியாகிவிடும். புரோ மோடு உள்ள போனில் ஒயிட் பேலன்ஸை ‘பகல் வெளிச்சம்’ என்று மாற்றி வைக்கலாம். ஆனால் பல போன்களில் புரோ மோடு பின்பக்கக் கேமராவுக்கு மட்டும்தான்.

மூக்கும் மல்லிகையும்

நிறத்துக்கு அடுத்தபடியாகப் பலர் வருத்தப்படுவது மூக்கு. ‘செல்ஃபில மட்டும் மூக்கு பெருசா தெரியுது’ என்பது கற்பனை கிடையாது. 2018இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வின் கணக்குப்படி, ஒன்றரை மீட்டர் தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், 30 சென்டிமீட்டரில் எடுத்த படத்தில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். லென்ஸுக்குக் கிட்டே இருப்பது பெரிதாகும், அவ்வளவுதான். பழுது மூக்கில் இல்லை, கையின் நீளத்தில் இருக்கிறது. போனை எங்காவது சாய்த்து வைத்து, டைமரை மூன்று நொடியிலோ பத்து நொடியிலோ வைத்து, நாலைந்து அடி தள்ளி நிற்கலாம். முடிந்தால் பின்பக்கக் கேமரா, அதுவும் அல்ட்ரா-வைடு இல்லாமல் 1எக்ஸ் அல்லது 2எக்ஸ். சில போன்கள் உள்ளங்கையைக் காட்டினாலே படம் எடுத்துக்கொள்கின்றன.

போர்ட்ரெய்ட் மோடு பின்னணியை மங்கலாக்கி முகத்தைத் தூக்கிக் காட்டும். எது முகம், எது பின்னணி என்று போன் ஊகித்து வெட்டுவதால் ஓரங்களில் தடுமாறும். சுருள்முடி, ஜிமிக்கி, தலையில் வைத்த மல்லிகைச் சரம் எல்லாம் பாதி தெளிவாகவும் பாதி கரைந்தும் வரும். கல்யாண வீட்டில் பூ வைத்துக்கொண்டு எடுக்கும்போது மங்கல் அளவைக் குறைத்து வைப்பது அல்லது சாதா மோடுக்கே போவது நல்லது.

திரையில் பார்த்தது ஒன்று, சேமித்த படம் இடம் வலம் மாறி வேறொன்று என்று குழம்புகிறவர்களுக்கு, கேமரா செட்டிங்ஸில் ‘மிரர்’ அல்லது ‘பார்த்தபடியே சேமி’ என்று பொருள்படும் ஒரு வசதி இருக்கும். அதை ஆன் செய்தால் கண்ணாடியில் பழகிய முகம் கிடைக்கும். அணைத்தால் மற்றவர்கள் பார்க்கும் முகம் கிடைக்கும், டி-ஷர்ட் எழுத்தும் நேராக இருக்கும்.

போட்டோவும் நேரில் வருபவரும்

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் அழிந்துவிடுமே என்றால், எல்லாப் படமும் ஸ்டேட்டஸோடு நிற்பதில்லை. வேலைக்கான புரொஃபைலுக்கும், அடையாள அட்டைக்கும், மேட்ரிமோனி தளத்துக்கும் இப்போது போவது பெரும்பாலும் போனில் எடுத்த படம்தான். பாஸ்போர்ட் போட்டோவில் மென்பொருள் திருத்தம் இருக்கக் கூடாது என்பது விதி. போன் தானாகச் செய்த திருத்தமும் திருத்தம்தான். வரன் பார்க்கும் விஷயத்தில் இது இன்னும் கூர்மை. படத்தைப் பார்த்து நேரில் வந்தவர்கள் ‘போட்டோல வேற மாதிரி இருந்துச்சே’ என்று முணுமுணுத்துவிட்டுப் போகும்போது, அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்பவர் ஏமாற்ற நினைத்தவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. புதிதாக வாங்கிய போனில், யாரோ முன்கூட்டியே ஏற்றி வைத்த ஸ்லைடரோடு, தங்கை எடுத்துக் கொடுத்த படமாக அது இருக்கலாம். நிறத்தைப் பார்த்துப் பெண்ணையோ பையனையோ தட்டிக்கழிக்கும் வீடுகளைப் பற்றி வேறு சண்டை போட வேண்டியிருக்கிறது. அந்தச் சண்டையில் போன் முதலிலேயே எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டாமே.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஹெச்டி என்பதைத் தேர்வு செய்தால் விவரம் கொஞ்சம் பிழைக்கும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் மூலப்படம் அப்படியே போகும், கூடவே எடுத்த இடத்தின் விவரமும் போகலாம். அதனால் அறிமுகமில்லாதவர்களுக்கு அனுப்பும் முன், கேமரா செட்டிங்ஸில் லொகேஷன் டேக்கை அணைத்துவிட்டு எடுத்த படத்தையே அனுப்ப வேண்டும். பெரிய சாஃப்ட்வேர் அப்டேட் வந்த பிறகு ஒருமுறை பியூட்டி ஐகானையும் திறந்து, ஸ்லைடர் பூஜ்யத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.